கவிழ்த்த தண்ணித் தொட்டி

மறுநாள் கபடிப் போட்டியின் அறுபது கிலோப் பிரிவில் அதற்கு மேல் எடையுள்ள யாரும் இறங்க முடியாது. டீம் நடத்தும் சேர்மன் சோலைமலை, தன் மாட்டுக்காரனும் ரெய்டருமான நல்லகாத்தானை அதட்டினார்: "மூணு கிலோ குறையணும்டா. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. கம்பளியப் போத்திக்கிட்டு வெயில்ல ஓடு!"

மத்தியானம் அவர் தொழுவத்துக்கு வந்தால், காளைகளின் தண்ணித் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது.

"காளைகளுக்கும் நாளைக்குப் பந்தயம்லங்கய்யா? எடை குறைஞ்சா சிட்டாப் பறக்கும்னு தண்ணி காட்டல" என்றான் நல்லகாத்தான், நாக்கு ஒட்டிக்கொள்ள.

"அறிவுகெட்டவனே! தண்ணியில்லாம ஓடுனா பாதி வழியில சுருண்டு விழுந்துரும்டா!"

"அப்ப நானுங்கய்யா?"

"மேல் எடைப் பிரிவுலயே ஆடித் தொல" என்று சேர்மனே தொட்டியை நிமிர்த்திவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டார்.

காளைகள் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. விடியக்காலையிலேயே வயிறு முட்டக் குடித்தவை ஆயிற்றே! நல்லகாத்தான்தான் குழாயில் வைத்த வாயை எடுக்கவேயில்லை.