மணிக்கூண்டுக்கு ஆள் தேவை

முன்னொரு காலத்தில், அமைச்சர்கள் அதிகமாகவும் வேலை குறைவாகவும் இருந்த ஒரு தேசத்தின் ராஜாவுக்குச் சாவு பயம் பிடித்துக்கொண்டது. எவனோ ஒரு சோதிடன், "வடக்குக் கோபுரத்து மணி நாழிகைக்கு ஒருமுறை அடிக்கும்வரை மகாராஜாவுக்கு மரணமில்லை. ஒரு நாழிகை தவறினாலும் நான் பொறுப்பில்லை" என்று சொல்லி, பரிசை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். அன்றிலிருந்து மணி நிற்கவில்லை. இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு, அது அடிக்கிறது என்பதையே ஊர் மறந்துவிட்டது. கோபுரத்தில் ஏறிய காவலர்கள் மட்டும் தூக்கமில்லாமல், கண்களைத் திறந்தபடியே செத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது காவலன் ஒச்சப்பன் பதினொரு வருடம் தாங்கினான். பிறகு, ஒரே ஒரு இரவு தூங்கிக்கொள்கிறேன் என்று கீழே சொல்லியனுப்பினான்.

தலைமை அமைச்சர் அச்சுதராயர் ஆடிப்போனார். "தூக்கம் கேட்கிறவனை நம்பியா மகாராஜாவின் ஆயுளை விட்டுவைப்பது? வேறு ஆள் பார்ப்போம்."

ஆளுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அவரும் சேனாபதி வல்லபதேவரும் உட்கார்ந்து எழுதினார்கள். இருவருக்கும் விகடகவி தாண்டவனைக் கண்டால் ஆகாது. இவர்கள் யோசனைக்கு ராஜா தலையாட்டுவார். அவன் பேச்சுக்குத்தான் சிரிப்பார். ஆகவே, ஆள் தேடி அவன் தோற்கவேண்டும் என்றே பட்டியல் நீண்டது. தூங்கக் கூடாது. பசிக்கக் கூடாது. வலி, விடுப்பு, சொந்தக் கருத்து எதுவும் கூடாது. எந்த நெருக்கடியிலும் முகம் மாறக் கூடாது. எல்லோரோடும் ஒத்துப்போக வேண்டும். முன் அனுபவம் அவசியம். மொத்தம் பத்தொன்பது.

"இப்படியொருவனைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் தாண்டவனுக்குத்தான் உண்டு, மகாராஜா" என்றார் அச்சுதராயர், தேன் ஒழுக.

ராஜாவுக்குப் பட்டியல் பிடித்துப்போயிற்று. "ஏழு நாளில் கொண்டு வா, தாண்டவா. இல்லையென்றால் எட்டாம் நாள் நீ ஏறு."

"இறங்குவது எப்போது, மகாராஜா?"

ராஜா அன்று சிரிக்கவில்லை.

ஆறு நாள் தாண்டவன் ஊரெல்லாம் அலைந்தான். பட்டியலைக் கேட்டவர்கள் அவனையே பரிதாபமாகப் பார்த்தார்கள். ஏழாம் நாள் விடியும்போது, தான் குடியிருக்கப்போகும் இடத்தையாவது பார்த்துவைப்போம் என்று கோபுரத்தில் ஏறினான். இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. நேராக ஒச்சப்பனின் மனைவி பேச்சியிடம் போய்க் கொஞ்ச நேரம் பேசினான்.

உச்சிப்பொழுதில் ஒரு பல்லக்கு அவைக்கு வந்தது. அதிலிருந்து ஒருவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தலை முதல் மார்பு வரை வெள்ளைத் துணி. அதில் யாரும் வியக்கவில்லை. யானையின் வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையிலும் யாரோ ஒரு அமைச்சரின் மைத்துனர் உட்கார்ந்துவிட்டபடியால், இனி உறவுமுகம் பார்த்து வேலை கொடுக்காதபடி, வேலை கேட்டு வருகிறவர் முகத்தை மூடிக்கொண்டுதான் வரவேண்டும் என்பது அந்த அவையின் சட்டம்.

"பேசமாட்டாரா?" என்றார் வல்லபதேவர்.

"வீண் பேச்சு கூடாதென்று ஒன்பதாவதாக எழுதியிருக்கிறீர்களே, பிரபு."

"முன் அனுபவம்?"

"இதே வேலை. பதினொரு வருடம்."

"பழைய இடத்தை ஏன் விட்டார்?"

"அவராக விடவில்லை."

"சாப்பாடு?"

"காலையிலிருந்து கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டார்."

ஒரு ஈ வந்து துணியின்மேல், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அங்கேயே நடந்தது. அந்த ஆள் அசையவில்லை. அவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. "என்ன பொறுமை" என்று முணுமுணுத்தார் அச்சுதராயர். வல்லபதேவர் சட்டென்று வாளை உருவி, துணிக்கு ஒரு விரற்கடை தள்ளி வீசினார். துணி லேசாக ஆடியது. உள்ளே இருந்தவர் ஆடவில்லை.

வல்லபதேவர் வாளை உறையில் போட்டார். பட்டியலில் முத்திரை வைத்தார். அச்சுதராயரும் வைத்தார். "பத்தொன்பதும் பொருந்துகிறது, மகாராஜா. இப்படியொருவரை நான் பார்த்ததே இல்லை."

"பார்ப்போமே" என்று ராஜா எழுந்து வந்து துணியை விலக்கினார்.

திறந்த கண்கள் இரண்டு அவரைப் பார்த்தன. இமைக்கவில்லை.

அச்சுதராயர் பின்வாங்கித் தூணில் மோதினார். "பிணம்! இவனுக்கு உயிர் இல்லை!"

"பட்டியலை மூன்று தடவை படித்தேன், பிரபு" என்றான் தாண்டவன். "உயிர் வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மீதி பத்தொன்பதும் தேறியிருக்காது."

"யார் இது?" என்றார் ராஜா. அமைச்சரும் சேனாபதியும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். இருவருக்கும் தெரியவில்லை.

"ஒச்சப்பன், மகாராஜா. பதினொரு வருடம் உங்களுக்காக மணியடித்தவர். அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தேன். 'கூட்டிட்டுப் போங்கய்யா. ஒரு தடவையாச்சும் அவுக இவரு மூஞ்சியப் பாக்கட்டும்' என்றாள்."

"எப்போது செத்தான்?"

"விடியும்போது."

"அப்படியானால் மணி..."

அப்போதுதான் அவைக்கு அந்த அமைதி கேட்டது. இருபது வருடத்தில் முதல் முறையாக வடக்கிலிருந்து எதுவும் வரவில்லை. யாரும் அசையவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் போலவே எல்லோரும் இருந்தார்கள்.

"பதினைந்து நாழிகை ஆகிவிட்டது, மகாராஜா" என்றான் தாண்டவன் மெதுவாக.

ராஜா தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தார். நாடி அடித்தது. இன்னொரு கையிலும் பார்த்தார். அதுவும் அடித்தது. முதலில் இருமல் மாதிரி ஏதோ வந்தது. பிறகு சிரித்தார். கண்ணில் நீர் வழிய, பிணத்தின் முன்னால் நின்று, நிறுத்தத் தெரியாமல் சிரித்தார். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவை பாதிச் சிரிப்போடு நின்றது.

"மணியை இறக்குங்கள்" என்றார் கடைசியில். "பேச்சிக்கு ஆயுள் முழுக்க அரண்மனைப் படி அளக்கட்டும். தாண்டவா, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"நல்ல தோள் இரண்டு, மகாராஜா. பாடையின் பின்பக்கத்துக்கு ஆள் போதவில்லை."

ராஜா திரும்பிப் பார்த்தார். அச்சுதராயர் ஒரு பக்கமும் வல்லபதேவர் மறுபக்கமும் தூக்க, ஒச்சப்பன் சுடுகாட்டுக்குப் போனான். அந்த வேலைக்கு அவர்களுக்கு என்ன தகுதி என்று வழியில் யாரும் கேட்கவில்லை.