ஆசான் வரைந்த ஆள்

"விரலை எடும்" என்றார் நாகமணி ஆசான்.

வேலப்பன் எடுக்கவில்லை. அவனுடைய கட்டைவிரல் ஆசானின் தோளுக்கு மேலே, கழுத்தோரத்தில் ஊன்றியிருந்தது. பயிற்சிக்காக அவரே வைக்கச் சொன்ன விரல்.

"முதல்ல எனக்கு ஒண்ணு தெரியணும், ஆசானே. எதைச் சொல்லித்தராம வச்சுக்கப் போறீங்க?"

"எடுக்கலைன்னா?"

"அழுத்துவேன்."

"அழுத்தும். நீர் விரல் வச்சிருக்கது வெறும் எலும்பு. நான் காட்டின இடம் இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கு."

மூலையில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்த செல்லையன் சிரித்துவிட்டான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். விடிந்ததும் களரிக்கு வந்து வர்மம் படித்துவிட்டுப் பிறகு ஸ்டாண்டுக்குப் போவான்.

வேலப்பன் விரலை எடுத்தான்.

அவன் ஆசானைவிட மூத்தவன். வித்தைக்கும் புதியவன் இல்லை. இன்னொரு ஆசானிடம் பதினோரு வருஷம் இருந்திருக்கிறான். எங்கே அடித்தால் ஆள் விழுவான் என்பது தெரியும். ஊரில் சுளுக்கு, பிடிப்பு என்றால் அவனிடம்தான் வருவார்கள். ஆனால் அவனுடைய தம்பி சுயம்பு தென்னையிலிருந்து விழுந்து, வலது கை செத்துத் தொங்கிப் போனபோது அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மரத்துப்போன இடத்தை இளக்கி உணர்வைத் திருப்பும் முறை ஒன்று உண்டு. இளக்குமுறை என்பார்கள். கைக்கு உண்டான இளக்குமுறையை அவன் படித்திருக்கவில்லை.

அதற்காகத்தான் தம்பியையும் கூட்டிக்கொண்டு நேற்று இங்கே வந்தான். சுயம்பு வெளியே பலாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"நான் வச்சுக்குவேன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் ஆசான்.

"யாரும் சொல்ல வேண்டாம். எல்லா ஆசானும் கடைசி ஒண்ணைக் கைக்குள்ள வச்சுக்குவாங்க. படிச்சவன் திருப்பி அடிச்சா வேணுமில்லா? எங்க ஆசான் என் தம்பி கைக்கு உண்டானதை வச்சுக்கிட்டார். கேட்டப்பல்லாம் வரும்போது வரும்னார். போன மாசியில குழிக்குள்ள கொண்டுபோயிட்டார்."

"வரும்போது வருமா? அது என்ன, டவுன் பஸ்ஸா அண்ணாச்சி?" என்றான் செல்லையன்.

"உன் சோலியைப் பாரு லே."

ஆசான் தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில காட்டினீரா?"

"எங்க ஆசான் வேண்டாம்னார். அவங்க தொட்டுட்டா பிறகு நம்ம முறை ஏறாதாம்."

ஆசான் பேச்சை மாற்றினார். அதையும் வேலப்பன் மனதில் குறித்துக்கொண்டான்.

"கடைசியில உள்ளதை முதல்லயே கேக்குற ஆளைக் கண்டா எனக்கும் பயம்தான், வே. யாரை அடிக்கணும்?"

"யாரையும் இல்ல."

"எல்லாப் பயலும் அப்படித்தான் சொல்லுவான்."

 

பிறகு ஆசான் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார்.

களரியின் மேற்குச் சுவர் புதிதாக வெள்ளையடித்துக் கிடந்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்காக அடித்திருப்பார்கள் என்று வேலப்பன் நினைத்திருந்தான். ஆசான் அதில் ஓர் ஆளை வரைந்தார். நிஜ ஆள் உயரம். முகம் கிடையாது. வரைந்து முடித்ததும் தரையில் குந்தி, குதிகாலில் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்.

"குதிகால். ஆவணி மாசம். இளக்கு முதல்ல, அடி பிறகு."

"எல்லாரும் அடியைத்தானே முதல்ல சொல்லித்தருவாங்க?"

"நானும் அப்படித்தான் தந்தேன். அடியைப் படிச்சுட்டு ஒருத்தன் நெல் அறுப்புக்கு ஊருக்குப் போய் ஒருத்தனை அடிச்சான். இளக்கு படிக்க அவன் திரும்பி வரல. போலீஸ்தான் வந்தது."

கரி மேலே ஏறியது.

"முழங்கால். ஐப்பசி. இதை நீர் செல்லையன் காலில் செய்து காட்டணும். காட்டினாத்தான் இடுப்பு. காட்டலைன்னா தையிலயும் முழங்கால்தான்."

"ஏன், என் கால்தான் கிடைச்சுதா?" என்றான் செல்லையன்.

"இடுப்பு, மார்கழி. இந்த இடத்துக்கு வரும்போது நான் செத்துப்போனா, ஆத்துக்கு அக்கரையில கோலப்பன் ஆசான்கிட்ட போகணும். இதுக்கு மேலே அவர் சொல்லித்தருவார்." அதையும் எழுதினார்.

தான் செத்துப்போவதைப் பற்றி ஓர் ஆசான் சுவரில் எழுதி வேலப்பன் பார்த்ததில்லை. இது எதற்கு என்று யோசித்தான். நம்ப வைக்கத்தான் என்று பட்டது.

"பள்ளிக்கூடத்துப் பாடத்திட்டம் மாதிரில்லா இருக்கு" என்றான், குத்தலாக.

"அதேதான்."

"இது எனக்கா, உங்களுக்கா?"

"நான் வாய் போன போக்குல பேசுற ஆள். முந்தாநாள் எதைச் சொன்னேன், எதை விட்டேன்னு எனக்கே தெரியாது. நான் விட்டா நீர் சுவரைக் காட்டிக் கேக்கலாம். நீர் அவசரப்பட்டா நான் சுவரைக் காட்டுவேன்."

முதுகு, கழுத்து, இடது கை எல்லாம் எழுதி முடித்தார். எது எந்த மாதம், எதைச் செய்து காட்டினால் அடுத்தது, எல்லாம் இருந்தது. வலது கையும் இடது கையும் ஒன்றல்ல என்பது இந்த வித்தையின் கணக்கு. வலது கைக்கு வந்ததும், தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

தெரியாது.

கரியை அடுப்பில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

வேலப்பனுக்குக் காது சூடானது. இதற்குத்தான் இத்தனை சித்திரமும். முழு ஆளையும் திறந்து காட்டிவிட்டு, வேண்டிய ஒரு கையை மட்டும் ஒளித்துவைக்கிறார். நேற்று வந்ததும் வராததுமாகத் தம்பியின் கையைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது.

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாது."

"கோலப்பன் ஆசானுக்கு?"

"அவருக்கும் தெரியாது. கேட்டுட்டுத்தான் எழுதுறேன்."

ஆசான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார்.

வேலப்பன் செல்லையனிடம் திரும்பினான். "உனக்கு அந்தக் கையைச் சொல்லித் தந்தாரா? உண்மையைச் சொல்லு."

"நான் வந்த அன்னைக்கும் அதே எழுத்துதான், அண்ணாச்சி."

"உனக்கு வரைஞ்சது எங்கே?"

"அதுக்கு அடியிலதான் கிடக்கும். புது ஆள் வந்தா வெள்ளையடிச்சுட்டுப் புதுசா வரைவார்." செல்லையன் எண்ணெய்ச் சட்டியை ஆறவைக்க முற்றத்துக்கு எடுத்துப்போனான்.

வேலப்பன் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றான். பிறகு ஓர் உடைந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டை எடுத்து, சுவரில் அந்த வலது கையின்மேல் சுரண்டத் தொடங்கினான்.

சுண்ணாம்பு செதிள் செதிளாக உதிர்ந்தது. அடியில் மங்கிய கரிக்கோடு தெரிந்தது. அதே கை. அதே வார்த்தை.

செல்லையனும் இதற்கு உடந்தையாக இருக்கலாம். இன்னும் சுரண்டினான். அதற்கு அடியிலும் ஒரு கை, அதிலும் தெரியாது.

நான் சுரண்டுவேன் என்று பல வருஷத்துக்கு முன்பே அவருக்கு எப்படித் தெரியும்?

சோதித்துப் பார்க்க இடுப்புக்கு வந்தான். மேலே மார்கழி என்று இருந்தது. அடியில் பங்குனி என்று இருந்தது. அதற்கும் அடியில், தெரியாது. கழுத்துக்குப் போனான். இரண்டாவது அடுக்கிலேயே தெரியாது. முதுகு. இடது முழங்கை. கீழே போகப் போக அந்த வார்த்தைதான் கூடிக்கொண்டே வந்தது. மூன்றாவது ஆளின் உடம்பு முழுக்க அதுவாகவே இருந்தது.

சிரட்டை பிடித்த கை வேகம் குறைந்தது.

"எவ்வளவு தூரம் போனீர்?"

ஆசான் ஈரத்துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"மூணு ஆள்" என்றான் வேலப்பன்.

"நாலாவது ஒருத்தன் உண்டு. அவன் மேல தெரியாதுங்கிற வார்த்தையே இருக்காது. நான் முதன்முதலா வரைஞ்ச ஆள், அப்ப எனக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பு."

வேலப்பன் சிரட்டையைக் கீழே போட்டான். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு.

"எங்க ஆசான்..." என்று தொடங்கினான்.

"அவர் எங்கேயாவது எழுதி வச்சாரா?"

"இல்ல."

ஆசான் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். "சுண்ணாம்பு கொல்லையில இருக்கு. சுரண்டினவர்தான் பூசணும். குதிகாலை எப்ப வேணும்னாலும் தொடங்கலாம், அது எங்கேயும் போகாது." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேலப்பன் வெளியே வந்தான்.

பலாமரத்தடியில் சுயம்பு அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தான். "என்ன சொன்னார், அண்ணே?"

"தெரியாதாம்."

"சும்மா சொல்லுதாரா இருக்கும்."

"இல்ல."

சுயம்பு கொஞ்சம் யோசித்தான். "நம்ம ஆசானுக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன? மனுசன் போற அவசரத்துல சொல்லாம போயிட்டார்."

வேலப்பன் களரி வாசலைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே செல்லையன் யாரிடமோ போனில் சவாரிக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அவங்க தொட்டுட்டா பிறகு முறை ஏறாதுன்னாரே?"



பெஞ்சில் தன் பக்கத்தில் கிடந்த வலது கையைச் சுயம்பு இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அந்த இடத்தில் வேலப்பன் உட்கார்ந்தான்.