ஒரு தப்பும் கண்ணில் படாத சங்கம்

செங்கோடனுக்கு முதலில் அநியாயம் செய்தவர் குழந்தைவேலு. கோணவாய்ப்பட்டி தேங்காய் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். மற்ற மூன்று பேரும் அவருக்குப் பின்னால்தான் வருகிறார்கள். இந்த வரிசையை யார் மாற்றிச் சொன்னாலும் செங்கோடன் ஒத்துக்கொள்ள மாட்டார்.

செங்கோடனுக்கு ஒரே மகள், பூங்கோதை. ஆவணியில் கல்யாணம். ஊரில் இருப்பது சங்கத்து மண்டபம் ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் பெரிது. மண்டபம் கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் சொன்ன வேறு இடம் மண்டபமா, பெண்ணா என்பது செங்கோடனுக்கு விளங்கவில்லை. அதனால் வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு, முதல் ஆளாகத் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

குழந்தைவேலு தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றார். தின்று முடித்துவிட்டு, இப்போதெல்லாம் நேரில் கேட்டால் தருவதில்லை, ஆபீஸுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பதிந்துகொள் என்றார். கம்ப்யூட்டரில் பதியச் சொன்னதைக்கூடச் செங்கோடன் மன்னித்திருப்பார். பழத்தைத் தின்றுவிட்டுச் சொன்னதைத்தான் மன்னிக்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளத் தலைவருடைய மச்சினன்மார் மூவர் உண்டு. மூத்தவர் பூவலிங்கம், நடுவில் ஆண்டியப்பன், கடைசி சடையன். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சொன்னதற்கு மேலே ஓர் அங்குலமும் போகாதவர்கள்.

திறப்பு விழா அன்று பெரிய மனிதர்கள் முன்னால் தலைவர் பதிவுப் பொத்தானை அழுத்தியபோது, பக்கத்தின் உச்சியில் பதினாலாவது வரியில் தப்பு இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வாசகம் வந்து நின்றது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அன்றே குழந்தைவேலு மச்சினன்மாரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்: "இனிமே நம்ம சங்கத்துப் பக்கத்துல ஒரு தப்புக்கூட யார் கண்ணுலயும் படக்கூடாது."

மூவரும் தேடினார்கள். தளம் ஓடுகிற சர்வரின் அமைப்புகளில் பிழைகளைக் காட்டவா என்று கேட்கிற இடம் ஒன்று இருந்தது. அதில் வேண்டாம் என்று போட்டார்கள். பதினாலாவது வரியைத் திருத்தச் சொல்லி உத்தரவில் இல்லாததால், அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் வாசகம் காணவில்லை. தலைவர் மகிழ்ந்துபோய் மூவருக்கும் பொன்னாடை போர்த்தினார்.

இந்த நிலையில்தான் செங்கோடன் ஆபீஸுக்குள் நுழைந்தார். பூவலிங்கம் அவருடைய பெயர், ஊர், முகூர்த்த நாள் எல்லாம் கேட்டுத் தட்டிவிட்டு, பதிவு என்ற பொத்தானை அமுக்கினார். திரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போனது. ஓர் எழுத்து இல்லை.

"ஏனுங்க, ஒண்ணையும் காணமே?" என்றார் செங்கோடன்.

"தப்புன்னு ஏதாச்சும் வந்துதுங்களா?"

"இல்லை."

"அப்ப எல்லாம் சரியாப் போச்சுன்னு அர்த்தமுங்க" என்றார் பூவலிங்கம். தம்பிகள் இருவரும் தலையாட்டினார்கள்.

ரசீது கேட்டார் செங்கோடன். திரையில் இருந்ததை அப்படியே அச்செடுத்து, கீழே சங்கத்து முத்திரையைக் குத்திக் கொடுத்தார்கள். வெள்ளைத்தாள், ஓரத்தில் ஒரு வட்ட முத்திரை. செங்கோடன் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். படிக்கத் தெரியாத காகிதங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். படிக்க ஒன்றுமே இல்லாத காகிதம் இதுதான் முதல். பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் விஷயம் தெரிந்தது. அதே முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு வீட்டார் கையிலும் அதே வெள்ளைத்தாள் இருந்தது. மூன்று பேரும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எது யாருடையது என்று பிறகு பிரிக்க முடியவில்லை.

செங்கோடன் ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டார். மூவரும் பயந்து, தளத்தை உருவாக்கிக் கொடுத்த கோயமுத்தூர்ப் பெண் அருள்மொழிக்கு போன் செய்தார்கள். வெள்ளையாக வருகிறது என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஏதோ பிழை, அது வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறீர்கள், சர்வர் எல்லாப் பிழைகளையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும், அதைத் திறந்து படியுங்கள் என்றாள்.

அந்தக் கோப்பைச் சடையனுக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஆபீஸைக் கூட்டும்போது அதையும் சேர்த்து அழித்துவிடுவது அவருடைய வேலை. நாளுக்கு நாள் குப்பை அதிகமாகிறது என்று அவருக்கு ஒரு வருத்தமும் உண்டு.

சரி, பதிவுப் பக்கத்தின் முதல் வரியிலேயே பிழையைக் காட்டு என்று எழுதுங்கள் என்றாள். எழுதினார்கள். அப்போதும் வெள்ளைதான். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பக்கத்தையே சர்வரால படிக்க முடியலைங்கண்ணா. அப்புறம் அதுக்குள்ள எழுதினதை எப்படிப் படிக்கும்? பூட்டுன ரூமுக்குள்ள சீட்டு எழுதி வச்ச மாதிரி."

மூவரும் பூட்டு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். உடனே எழுந்து போய் ஆபீஸ் கதவைக் கழற்றி வெளியே சாய்த்துவிட்டு வந்து பார்த்தார்கள். பக்கம் வெள்ளையாகவே இருந்தது. இப்போது வெளிச்சம் அதிகமானதால் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது என்றார் ஆண்டியப்பன்.

கடைசியில் அருள்மொழி, சர்வரின் அமைப்புக்கே போய்ப் பிழைகளைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள் என்றாள். மூவரும் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கூடிப் பேசினார்கள்.

"காட்டலாம். ஆனா யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரே" என்றார் பூவலிங்கம்.

"காட்டறது கம்ப்யூட்டர் வேலை. பாக்கறதுதான் நம்ம வேலை. நாம பாக்காம இருந்துட்டா?" என்றார் ஆண்டியப்பன்.

"நாம பாக்க மாட்டோம். இவரு பாத்துட்டா?" என்று சடையன் செங்கோடனைக் காட்டினார்.

நியாயம்தான் என்று பட்டது. அமைப்பை மாற்றி, சர்வரை நிறுத்தி, மறுபடி ஓட்டினார்கள். பதிவுப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் திரைமேல் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். துண்டில் நூல் விலகியிருந்ததால் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பியும் வைத்தார்கள். பிறகு அமுக்கினார்கள்.

"வந்துச்சுங்களா?" என்றாள் அருள்மொழி.

"வந்திருக்கும் அம்மிணி" என்றார் பூவலிங்கம்.

"என்ன எழுதியிருக்கு?"

"அதைச் சுவரைத்தான் கேக்கணும்."

போன் வைக்கப்பட்டது. அவள் வைத்தாளா, தானாக அறுந்ததா என்று மூவரும் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். தப்பு என்று போனில் ஒன்றும் வராததால் சரியாகத்தான் முடிந்திருக்கிறது என்று தீர்மானித்தார்கள். செங்கோடன் திரையைத் திருப்பக் கை நீட்டினார். மூன்று பேர் சேர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முகூர்த்த நாள் வந்தது. மூன்று கல்யாணக் கூட்டம், மூன்று மேளம், மண்டப வாசலில் ஒரே பூட்டு. தலைவர் சாவியோடு வந்தார். மூன்று தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இன்றைக்கு யார் பதிந்திருக்கிறார்கள் என்று மச்சினன்மாரைக் கேட்டார். கம்ப்யூட்டரில் ஒரு பதிவும் இல்லை என்றார்கள்.

"பதிவு இல்லாத நாள்ல மண்டபம் திறக்கிற வழக்கம் இல்லீங்க" என்று சாவியை மடியில் செருகிக்கொண்டார் குழந்தைவேலு.

மாப்பிள்ளையின் தகப்பனார் வந்த வண்டியைத் திருப்பச் சொன்னார். அப்போது பூங்கோதை காரிலிருந்து இறங்கி நேராக மாப்பிள்ளையிடம் போனாள்.

"எதிர்த்தாப்ல கொப்பரைக் களம் காலியாத்தான் கிடக்குது. உங்களுக்குக் கட்ட வேண்டியது மண்டபத்தையா, என்னையா?"

மாப்பிள்ளை களத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். கொப்பரை காயும் களத்தில், காக்கை விரட்டக் கட்டிய வலைக்குக் கீழே தாலி கட்டியாயிற்று. மற்ற இரண்டு வீட்டாரும் களத்தின் வேறு இரண்டு மூலைகளைப் பிடித்தார்கள். மண்டபம் மட்டும் அன்று முழுக்கக் காலியாக இருந்தது.

மூன்று பந்தியிலும் சாப்பிட்ட குழந்தைவேலுவுக்குச் சாயங்காலம் மனசு இளகியது. "உனக்கு ஒரு நாள் மண்டபம் கடன் செங்கோடா. பேரன் காதுகுத்துக்கு எடுத்துக்கோ" என்றார். செங்கோடன் அதை எல்லோர் முன்னாலும் இரண்டு முறை சொல்ல வைத்தார்.

மறுநாள் காலையில் மச்சினன்மார் மூவரும் செங்கோடன் வீட்டு வாசலில் நின்றார்கள். பூவலிங்கம் கையில் அந்தத் திரை, துண்டு போர்த்தியபடி. ஆண்டியப்பன் கையில் கம்ப்யூட்டர் பெட்டி. சடையன் வயர்களை மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தார்.

பூவலிங்கம் நிதானமாக விளக்கினார். பிழை வந்தது செங்கோடன் பெயரைப் பதிந்தபோது. ஆகவே அது செங்கோடனுடைய பிழை. அடுத்தவர் பொருளைச் சங்கத்தில் வைத்துக்கொள்வது முறையல்ல. தலைவரும் சரி என்றுவிட்டார். எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கி, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, அதைப் பார்க்கக் கூடாது என்று வீட்டாரிடம் வாக்கும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று முதல் சங்கத்தில் ஒரு தப்பும் யார் கண்ணிலும் படவில்லை. தலைவர் மறுபடியும் பொன்னாடை போர்த்தினார்.

பேரன் பிறந்துவிட்டான். காதுகுத்துக்கு நாள் குறித்துக்கொண்டு செங்கோடன் ஆபீஸுக்குப் போனார். மூவரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். தலைவர் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது, மண்டபம் அவருக்குத்தான், கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால் போதும் என்றார்கள்.

"எங்கே பதியறது?" என்றார் செங்கோடன்.

"அது உங்க வீட்டுலதானுங்களே இருக்குது" என்றார் பூவலிங்கம். "ஆனா திருப்பிப் பாத்துராதீங்க."