முதலாளி சாப்பிடும் இடம்

சென்னையில் சாப்பிடச் சிறந்த ஓட்டல்களின் பட்டியல் போட அமைச்சரே ஓட்டல் ஓட்டலாக வந்துகொண்டிருந்தார். தன் ஓட்டலுக்கு அவர் வந்ததும் முதலாளி சிங்காரவேலு, தன் டிரைவர் ஏகாம்பரத்தை முன்னால் தள்ளினார். “ஊரெல்லாம் சுத்துறவன், இவனையே கேளுங்க.” நம்ம ஓட்டல் பேர் வரலேன்னா கார் சாவியை வெச்சுட்டுப் போயிடு என்று காலையிலேயே மிரட்டியிருந்தார்.

“பொய் சொன்னா இந்த ஊர்ல எங்கயும் வண்டி ஓட்ட முடியாது,” என்றார் அமைச்சர்.

ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டான். “எனக்கு ருசி என்னங்க தெரியும்? முதலாளி தினம் மத்தியானம் சாப்பிடுறதுதாங்க முதல்.”

சிங்காரவேலு அவன் காலை மிதித்தார்.

“அதையே கொண்டாப்பா,” என்றார் அமைச்சர்.

கார் டிக்கியிலிருந்து முதலாளியின் சூடு ஆறாத சாப்பாட்டு கேரியர் வந்தது. மூடியில் பெயின்ட்டில் எழுதியிருந்தது: சொர்ணம் மெஸ், சிந்தாதிரிப்பேட்டை.

ஏகாம்பரம் சாவியை அந்த மூடிமேல் வைத்தான். அமைச்சர் அதை எடுத்து அவனிடமே கொடுத்தார்.

“வண்டியை எடுப்பா. அங்கேயே போய்ச் சாப்பிடலாம்.”