கொம்பில்லாத வண்டு

"நான் ஊருக்கே போறேன், தாயே."

விடிந்தும் விடியாததுமாக, மாட்டுக்கொட்டில் வாசலில் மூட்டையோடு நின்றார் மாசிலாமணி. மடத்து மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் சீடர். வயது ஐம்பத்தைந்து. குருவான தில்லையம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"ஏன், ஐயா?"

"நேத்தும் தோத்துட்டேன். இது ஏழாவது வருஷம்."

அந்த மடத்து வழக்கம் அப்படி. குருபூசை அன்று மூத்த சீடர் வாகீசர் தலைவாசலில் நிற்பார். அவரை வாதத்தில் வென்றால்தான் வாசலைத் தாண்டிக் குருவிடம் உபதேசம் கேட்கலாம். கேட்காதவருக்குக் குரு சொல்வது முறையில்லை. வாகீசர் வாயைத் திறந்தாலோ, எதிரில் நிற்பவருக்குச் சொந்த ஊர்ப் பெயரே மறந்துபோகும்.

"அவரைவிட நான் கொஞ்சம் கம்மிதான். ஒத்துக்கிறேன். அதுக்காகப் பேச்சே வராமப் போகணுமா?"

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

தில்லையம்மை ஒரு குச்சியை எடுத்துப் பழைய சாணத்தைப் புரட்டினார். அடியில் ஒரு வளை. அதன் வாயில் பெரிய கொம்போடு ஓர் ஆண் வண்டு.

"உள்ளே பொண்ணு இருக்கா. இவர் காவல்."

சற்றுத் தள்ளி இன்னோர் ஆண் வண்டு. உடம்பு கொஞ்சம்தான் சிறிசு. தலையில் கொம்பே இல்லை.

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. "அளவுக்கு ஏத்தாப்ல ஒரு குட்டிக் கொம்பாவது இருக்கக் கூடாதா?"

"புழுவா இருந்தப்போ தின்ன அம்மாக்காரி வச்ச சாண உருண்டை அவ்வளவுதான், பாவம். கொம்பு முளைக்கப் பத்தலை."

சின்ன வண்டு பெரியவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. பக்கவாட்டில் மண்ணைப் பறித்தது. சுண்டுவிரல் நுழையாத சந்து ஒன்று உண்டானது. அதற்குள் புகுந்து வளைக்குள் போய்விட்டது. வெளியே காவல்காரர் கொம்பை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மாசிலாமணி குனிந்து பார்த்தார்.

"கொம்பு இருந்திருந்தா இதுல மாட்டிக்கிட்டிருக்கும்."

"தினமும் காலையில எனக்குப் பால் கொண்டு வர்றீங்களே, ஐயா. எந்த வாசல் வழியா?"

"அடுக்களை வாசல்..."

"ஏழு வருஷமா நானும் காத்துக்கிட்டிருக்கேன். சொம்பை வச்சிட்டு, ஒரு வார்த்தை கேட்காமத் திரும்பிடுறீங்க."

மாசிலாமணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பை எடுத்தார்.

"இன்னைக்குப் பால் இன்னும் கறக்கலை, தாயே."