ஏரிக்கல்லில் ஒரு பெயர்

பொன்மருதூரைக் கோதண்டராயர் ஆண்டுகொண்டிருந்தபோது, அவருடைய சபையில் ஆவுடையப்பன் என்று ஒரு விகடகவி இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவருக்கு உத்தியோகம். ராஜா சிரிக்காத நாளில் தானே சிரித்துக்கொள்வார்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் கண்ணே திறக்கவில்லை. அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தார். ஆவுடையப்பனின் மனைவி பிரமுவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மருந்துகூடக் கொடுக்காமல் போய்விட்டார். பத்தாம் நாள் ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டார்.

காய்ச்சல் போய்விட்டது. ஒரு பயம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. 'போய்ச் சேர்ந்திருந்தால் என்னை யார் நினைத்திருப்பார்கள்?'

கொஞ்சம் தெம்பு வந்ததும் கடைவீதிக்குப் போனார். அங்கே காய் விற்கும் பெண் ஒருத்தி வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காது கொடுத்துக் கேட்டால், அது போன தீபாவளிக்கு ஆவுடையப்பன் சபையில் சொன்ன கதை!

"யாரம்மா சொன்னது இதை?"

"முன்னாலே ஒரு கெட்டிக்காரன் இருந்தானாம் ஐயா. அவன் செத்து நூறு வருஷம் ஆச்சாம்."

"அம்மா, அது நான்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "காய் வாங்குறதா இருந்தா வாங்குங்க."

உயிரோடு இருக்கும்போதே இந்தக் கதி என்றால், போன பிறகு என்ன ஆகும்? ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜா ஊருக்கு மேற்கே பெரிய ஏரி ஒன்றை வெட்டி முடித்திருந்தார். கரையில் ஆளுயரக் கல் ஒன்றை நிறுத்தி, 'இவ்வேரி வெட்டியவர் கோதண்டராயர்' என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். அந்தக் கல்லில் வேறு பெயர் ஏறினால் தலை போகும் என்பது உத்தரவு.

ஆவுடையப்பன் நேரே கல்தச்சர் மாடக்கண்ணு ஆசாரியிடம் போனார்.

"ஆசாரியாரே, அடியிலே மூலையிலே சின்னதா ஒரு வரி. 'வெட்டியவன் ஆவுடையப்பன்'. அவ்வளவுதான்."

"ஐயா, நீங்க மண்வெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கலையே!"

"வெட்டினவங்களைச் சிரிக்க வைச்சேனே. அதுவும் வேலைதானே?"

"தலை போயிடும் ஐயா."

"அவ்வளவு கீழே யார் குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்று சொல்லும்போதே ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசாரிக்கும் மனசு இளகிவிட்டது.

ஆனால் குனிந்து பார்க்க ஒருவர் இருந்தார். அவைப்புலவர் திருமேனிநாதர். ஏரியைப் பற்றி நூறு பாட்டு எழுதக் கரைக்கு வந்தவர், கைதவறி எழுத்தாணியைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர், நிமிர்ந்ததும் அரண்மனைக்கு ஓடினார். ஆவுடையப்பன் மீது அவருக்கு இருபது வருஷக் கடுப்பு. அவர் பாட்டைக் கேட்டு ராஜா கொட்டாவி விடுவார். அதற்கு ஆவுடையப்பன் தாளம் போடுவார்.

"மகாராஜா! நீங்கள் வெட்டிய ஏரியைத் தான் வெட்டியதாகக் கல்லில் பொறித்துக்கொண்டிருக்கிறான் ஆவுடையப்பன்!"

ராஜா எழுந்தார். அவர் எழுந்தால் சபை முழுக்க எழும். எல்லோருமாக ஏரிக்கரைக்குப் போனார்கள். ஆசாரியைப் பிடித்து வந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் தன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் ஆவுடையப்பனுக்குத் தன் ஆசை எவ்வளவு மட்டமானது என்று உறைத்தது. தன் பெயருக்காக இன்னொருவர் தலையையும் அல்லவா பணயம் வைத்துவிட்டார்!

"படி!" என்றார் ராஜா.

ஆவுடையப்பன் மண்டியிட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம் தலை போகப்போவதையே மறந்துவிட்டார். கல்லில் இருந்தது இதுதான்: 'வெட்டி ஆவுடையப்பன்.'

"'யவன்' எங்கே ஐயா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆசாரியிடம் கிசுகிசுத்தார்.

"இடம் பத்தலை. மூணு எழுத்தை விட்டுட்டேன். புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன்."

காலத்துக்கும் அழியாமல் நிற்கப்போகிற பெயருக்கு இப்படி ஒரு பட்டமா? ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. அது தொண்டை வரை வந்து சிரிப்பாக மாறியது. எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"மகாராஜா, புலவர் அவசரத்தில் படித்துவிட்டார். தாங்களே மேல் வரியைப் படியுங்கள்."

"இவ்வேரி வெட்டியவர் கோதண்டராயர்."

"கீழே?"

"வெட்டி ஆவுடையப்பன்."

"அவ்வளவுதான் மகாராஜா. தாங்கள் வெட்டியவர். நான் வெறும் வெட்டி."

ராஜாவின் மீசை துடித்தது. அடுத்த கணம் அவர் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த நாரைகள் எல்லாம் பறந்துவிட்டன.

"ஆனாலும் பெயர் பெயர்தானே, மகாராஜா? தலை..." என்று இழுத்தார் புலவர்.

"தன்னைத் தானே வெட்டி என்று எழுதிக்கொள்கிறவன் தலையை வாங்கி நான் என்ன செய்ய?"

பிறகு ராஜா ஆவுடையப்பனைத் தனியாக அழைத்துப் போனார். "உண்மையைச் சொல். நீ எழுதச் சொன்னது இதுதானா?"

"இல்லை மகாராஜா. செத்த பிறகு யாராவது ஒருத்தர் என் பேரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை. அதற்காகக் கூசாமல் ஒரு பொய்யை எழுதச் சொன்னேன். ஆசாரி மேல் தப்பில்லை."

ராஜா ஏரியைக் கைகாட்டினார். "எனக்கும் அதே ஆசைதான். நான் ராஜா, அதனால் ஏரி வெட்டினேன்." திரும்பிச் சிரித்தார். "ஆனால் நீதான் ஜெயித்தாய். என் பெயரைப் படிக்கிறவன் பேசாமல் போய்விடுவான். உன் பெயரைப் படிக்கிறவன் பக்கத்தில் இருக்கிறவனையும் கூப்பிட்டுக் காட்டுவான்!"

தன் பட்டுச் சால்வையை எடுத்து ஆவுடையப்பனுக்குப் போர்த்தினார். ஆசாரிக்கு ஒரு மோதிரம் கொடுத்தார். அந்தக் கல்லில் இனி யாரும் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று உத்தரவும் போட்டார்.

ஆவுடையப்பன் சால்வையோடு வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் பிரமுவிடம் சொன்னார். அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே? இதுக்குக் கல்வெட்டு வேறயா?" என்றாள்.