அஞ்சாமல் பேசும் பயிற்சி

“பயமா இருக்குங்க மேடம்,” என்றார் மகுடபதி. “அங்கே அடுத்தது ஒருத்தன் சாவான். நான் கொடுத்த பயிற்சிச் சான்றிதழ் அவன் சட்டைப் பையில இருக்கும்.”

ஜெசிந்தா டீயைக் கீழே வைத்தார்.

“எந்தக் கம்பெனி?”

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. இரும்பை உருக்கி வார்க்கிற இடம். அங்கே கிரேன் சங்கிலியில் ஒரு விரிசல் விட்டிருந்தது. பார்த்தவர்கள் பல பேர். மேனேஜரிடம் போய்ச் சொன்னவர் ஒருவரும் இல்லை. சங்கிலி அறுந்து பொன்னுரங்கம் என்கிற தொழிலாளியின் கால் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்கள் மகுடபதியைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு பயிற்சி தயாரியுங்கள், பயப்படாமல் பேசச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள்.

மகுடபதி மில் ஆபீசராக இருந்துவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஜெசிந்தா அவரைவிடச் சின்னவர். ஆனாலும் தொழிலில் அவர்தான் குரு. அப்படியொரு கோபக்காரர். அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே ஓடிப்போனதாகக் கேள்வி. மகுடபதி பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்.

“என்ன பண்ணீங்க?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“விளையாட்டு வெச்சேன். நாடகம் போட வெச்சேன். நல்லாக் கைதட்டறாங்க, சிரிக்கறாங்க. வேலையில ஏதாச்சும் குறை இருக்குதான்னு கேட்டா மட்டும், ‘எல்லாம் நல்லா இருக்குதுங்க சார்’னு ஒரே குரல்ல சொல்றாங்க.”

“சொல்லும்போது எங்கே பார்க்கிறாங்க?”

மகுடபதி யோசித்தார்.

“கடைசி வரிசையைங்க.”

“அங்கே யாரு?”

“மேனேஜர் தில்லைராஜன். நான்தான் வந்து உக்காரச் சொன்னேன். மேலதிகாரியும் கூடவே இருக்கணும்னு நீங்கதான் போன மாசம்...”

“நான் எப்போ சொன்னேன்?”

“இல்லைங்க மேடம். நான்தான் தப்பாப் புரிஞ்சுட்டேன்.”

சொன்னது என்னவோ ஜெசிந்தாதான். மகுடபதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

ஜெசிந்தா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அடுத்த வகுப்பு நான் எடுக்கிறேன்.”

ஃபவுண்டரியின் மாடியில் கூரை தாழ்ந்த ஒரு ஹால். கீழே உலைகள் இரைந்துகொண்டிருந்தன. ஷிப்ட் முடித்த ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் தில்லைராஜன். அவர் இருமினால்கூட முன் வரிசையில் முதுகுகள் நிமிர்ந்தன.

“பயப்படாமப் பேசுறது எப்படின்னு இன்னைக்குப் பார்ப்போம்,” என்றார் ஜெசிந்தா. “ஒரு விஷயம். நான் வேலையா இருக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

கயிறு கட்டிய பேனர் ஒன்றைக் கையில் எடுத்தார். நடு உத்தரத்தில் ஒரு கொக்கி இருந்தது. அதற்குக் கீழே மேஜையை இழுத்துப் போட்டார். மேஜைமேல் ஒரு நாற்காலி.

“நான் கட்டறனுங்க மேடம்,” என்று ஓடினார் மகுடபதி.

“எனக்குக் கட்டத் தெரியாதா? அங்கேயே நில்லுங்க.”

நின்றார்.

ஜெசிந்தா கயிற்று முடிச்சைப் பார்த்தபடியே ஏறினார். தலைக்கு மேலே, கொக்கிக்குப் பக்கத்தில், ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மகுடபதியின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. மேடத்துக்குத் தெரியாமலா ஏறுவாங்க? சுவிட்ச் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைத்தால், யாரைக் கேட்டு அணைச்சீங்க என்று அத்தனை பேர் முன்னாலும் மானம் போகும். ஐயோ, யாராவது சொல்லித் தொலையுங்களேன் என்று ஹாலைப் பார்த்தார்.

ஹால் மொத்தமும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவின் கை மேலே போனது. இன்னும் மேலே போனது. இறக்கைக்கு ஒரு சாண் கீழே நின்றது.

“மகுடபதி சார், மேலே என்ன ஓடுது?”

“ஃபேனுங்க.”

“எப்போ பார்த்தீங்க?”

“நீங்க ஏறும்போதேங்க.”

“ஏன் சொல்லல?”

“உங்ககிட்ட எப்படிங்க மேடம்...”

ஜெசிந்தா கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார்.

“நீங்க பார்த்தீங்களா சார்?”

தில்லைராஜன் நெளிந்தார். “பார்த்தேன். குறுக்கே பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு நினைச்சேன்.”

மகுடபதி ஃபேனை அணைத்தார். இறக்கைகள் மெதுவாகச் சுற்றி நின்றன.

இரண்டாவது வரிசையிலிருந்து ஆறுச்சாமி என்பவர் எழுந்தார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ரெண்டாம் நம்பர் உலையில தண்ணிக் குழாய் கசியுதுங்க. ஷிப்ட் மாறும்போதே பார்த்தனுங்க.”

உருகிய இரும்புக்குள் தண்ணீர் இறங்கினால் வெடிக்கும். அந்த ஹாலில் அது தெரியாதவர் ஜெசிந்தா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கீழே அடுத்த ஷிப்ட் ஆட்கள் உலையைச் சுற்றி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தில்லைராஜனுக்கு முகம் சிவந்தது. “ஏன்யா, அப்பவே பார்த்துட்டு இவ்வளவு நேரம்...”

தலைகள் மளமளவென்று குனிந்தன.

அவர் அதைப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார். போனை எடுத்தார்.

“ரெண்டாம் நம்பர் பவரை அணை. பக்கத்துல ஒருத்தன் நிக்கக் கூடாது, எல்லாரையும் வெளியே அனுப்பு. ஆமா, இப்பவே!”

போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு நடந்து முன்னால் வந்தார்.

“வேற ஏதாவது இருக்கா?”

அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஹாலில் கை தூக்காதவர் ஒருவரும் இல்லை.